உங்களுக்குத் தெரியுமா? கேரல் பாட்டுகள் பிறந்த கதை!

'சைலண்ட் நைட்' பாடாத கிறிஸ்துமஸ் ஆராதனை உண்டா? அந்தப் பாட்டின் அரங்கேற்றம் நடந்தது ஒரு கிதாரோடு! நாள்: 1818 டிசம்பர் 24. இடம்: ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்து ஓபர்ன்டார்ஃப், படகுக்காரர்களின் ஊர். முக்கியக் குரல்கள் இரண்டே இரண்டு!

எழுதியவர் உதவிப் பங்குத்தந்தை ஜோசப் மோர். மெட்டுப் போட்டவர் பக்கத்து ஊர் பள்ளி வாத்தியார் ஃபிரான்ஸ் குரூபர். இரண்டு வருடம் முன்னால் எழுதி வைத்திருந்த கவிதையை மோர் எடுத்து வந்து நீட்டினார். அன்றைக்கே மெட்டு, அன்றைக்கே ஆலயத்தில் பாட்டு!

எலி கடித்து ஆர்கன் கெட்டுப்போனதால்தான் கிதார் வந்தது என்று ஒரு கதை சொல்வார்களே? அதற்கு ஆதாரமே கிடையாது! அடுத்த முறை யாராவது மேடையில் சொன்னால் தைரியமாக மறுக்கலாம்.

மோருக்கு ஞானத்தகப்பனாக நின்றவர் யார் தெரியுமா? சால்ஸ்பர்க் நகரில் மரண தண்டனையை நிறைவேற்றும் வேலை பார்த்தவர்! உலகத்துக்கே சாந்தமான தாலாட்டைக் கொடுத்தவருக்கு இப்படி ஒரு ஞானத்தகப்பன்!

பாட்டு ஊர் ஊராகப் பரவியது. எழுதியவர்கள் பெயர் மட்டும் கூடப் போகவில்லை. மோசார்ட் என்றார்கள். ஹைடன் என்றார்கள். 1854-ல் பெர்லின் அரசவை இசைக்குழுவே சால்ஸ்பர்க்கில் உள்ள புனித பேதுரு மடத்துக்கு எழுதி, மிகாயேல் ஹைடனின் கையெழுத்துப் பிரதி இருக்கிறதா என்று கேட்டது. அந்த மடத்துப் பாடகர் குழுவில் ஃபீலிக்ஸ் என்று ஒரு சிறுவன். அவன் யார்? குரூபரின் சொந்த மகன்! செய்தி அப்பா காதுக்குப் போனது. குரூபர் உட்கார்ந்து முழு விவரத்தையும் எழுதிக் கொடுத்தார். பாட்டுக்கு அப்போது வயது 36! மோர் இறந்தே 6 வருடம் ஆகியிருந்தது.

மோருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பின்னாளில் சிலை வைக்க நினைத்தவர்கள் என்ன செய்தார்கள்? கல்லறையைத் தோண்டி மண்டையோட்டை எடுத்தார்கள். அதைப் பார்த்து முகம் வடித்தார்கள்! அந்த மண்டையோடு இன்று ஓபர்ன்டார்ஃப் நினைவுச் சிற்றாலயத்தின் சுவருக்குள்! கிதார்? அது ஹாலைன் ஊர் அருங்காட்சியகத்தில் பத்திரம்.

இன்று இந்தப் பாட்டு ஒலிக்கும் மொழிகள் 300-க்கும் மேல்! 1914 கிறிஸ்துமஸ் இரவில், முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் ஜெர்மன் வீரர்கள் இதைப் பாட, எதிரே இருந்த பிரிட்டிஷ் வீரர்கள் தங்கள் பாட்டால் பதில் சொன்னார்கள். மறுநாள் இரு தரப்பும் வெளியே வந்து கை குலுக்கின!

'ஜிங்கிள் பெல்ஸ்' கிறிஸ்துமஸ் பாட்டா? வரிக்கு வரி தேடிப் பாருங்கள். கிறிஸ்துமஸ் என்ற பேச்சே வராது! குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஜாலியாகப் போவதுதான் முழுப் பாட்டும். 1857-ல் பாஸ்டனில் அச்சானபோது அதன் பெயர்கூட வேறு. எழுதிய ஜேம்ஸ் பியர்பான்ட், அமெரிக்கப் பெரும் வங்கிமுதலாளி ஜே.பி. மார்கனுக்குத் தாய்மாமன்!

'ஜாய் டு தி வேர்ல்ட்' பாட்டில் மாட்டுத்தொழுவம் இல்லை. மேய்ப்பர்கள் இல்லை. நட்சத்திரமும் இல்லை! 1719-ல் ஐசக் வாட்ஸ் அதை எழுதியது 98-ஆம் சங்கீதத்தை வைத்து. கிறிஸ்துமஸ் அவர் மனதில் இல்லவே இல்லை!

'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' இன்னும் அதிசயம். அதன் மூலத்தில் மணியே கிடையாது! உக்ரைன் மூலப்பாட்டில் ஒரு தைலான் குருவி வீட்டுக்குள் பறந்து வந்து வரப்போகும் வசந்தத்தைச் சொல்லும். அவ்வளவுதான். அது புத்தாண்டுப் பாட்டு. சேர்ந்திசையாக அமைத்தவர் மிகோலா லியோன்டோவிச். 1916-ல் கீவ் நகரில் அரங்கேற்றம். 1921-ல் சோவியத் ரகசியப் போலீஸ் ஆள் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அடுத்த ஆண்டே நியூயார்க்கின் கார்னகி ஹாலில் பாட்டு ஒலித்தது! மணி ஓசை சேர்ந்த ஆங்கிலச் சொற்கள் வந்தது 1936-ல்தான்!

'குட் கிங் வென்செஸ்லாஸ்' பாட்டின் நாயகன் அரசனே இல்லை! பொஹீமியாவை 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஒரு பிரபு. பாட்டு முழுக்கப் பனி கொட்டும். மெட்டு மட்டும் பூப்பூக்கும் வசந்த காலத்துப் பாட்டினுடையது! 1582-ல் அச்சான 'பியே கான்ஷியோனெஸ்' என்ற பழைய தொகுப்பிலிருந்து ஜான் மேசன் நீல் அதை எடுத்து, 1853-ல் குளிர்காலத்துக்கு மாற்றிவிட்டார்.

இனி வரப்போவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. கேளுங்கள்.

'ஹார்க் தி ஹெரால்ட்' பாட்டின் கம்பீரமான மெட்டு எதற்காகப் போடப்பட்டது? அச்சு இயந்திரத்துக்கு! ஆமாம், கூட்டன்பர்க் அச்சுக்கலையின் 400-ஆம் ஆண்டு விழாவுக்காக 1840-ல் லைப்ஸிக் நகரில் மெண்டல்சன் போட்ட மெட்டு அது. இந்த மெட்டு பக்திப் பாட்டுக்கு மட்டும் ஒத்துவராது என்று அவரே சொல்லியிருக்கிறார்! 1855-ல் வில்லியம் கம்மிங்ஸ் என்ற இளம் இசைக்காரர் அதைச் சார்ல்ஸ் வெஸ்லியின் 1739 பாட்டோடு சேர்த்தார். அப்போது மெண்டல்சன் இறந்து 8 வருடம். வெஸ்லி இறந்து 67 வருடம்! தங்கள் சொல்லும் மெட்டும் சேர்ந்து ஒலித்ததை இருவருமே கேட்கவில்லை!

பாட்டின் முதல் வரிகூட வெஸ்லி எழுதியது இல்லை! 1753-ல் ஜார்ஜ் வைட்ஃபீல்டு மாற்றி அச்சிட்டது. இன்று உலகம் பாடுவது அந்தத் திருத்தத்தைத்தான்.

வெஸ்லி வீட்டில் 19 பிள்ளைகள். சார்ல்ஸ் 18-ஆவது! அவர் எழுதிய பாட்டுகள்? 6,000-க்கும் மேல்!

அதையும் தாண்டினார் ஒரு பெண். அமெரிக்காவின் ஃபேனி கிராஸ்பி. பிறந்து 6 வாரத்தில் பார்வை போனது. எழுதியது 8,000-க்கும் மேற்பட்ட பாட்டுகள்! எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் அவர் பெயரே வருகிறது என்பதால் பதிப்பாளர்கள் புனைபெயர் கேட்டார்கள். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர்கள் ஏறக்குறைய 200! வாழ்ந்தது 94 வயது வரை!

'அவே இன் எ மேஞ்சர்' மார்ட்டின் லூத்தர் தன் பிள்ளைகளுக்காக எழுதிய தாலாட்டு என்று பல புத்தகங்களில் அச்சடித்திருக்கும். நம்பாதீர்கள்! அது 1880-களில் அமெரிக்காவில் முளைத்தது. லூத்தர் இறந்தது 1546-ல்!

'ஓ லிட்டில் டவுன் ஆஃப் பெத்லகேம்' எழுதிய ஃபிலிப்ஸ் புரூக்ஸ் 1865-ல் குதிரை ஏறிப் பெத்லகேமுக்கே போய்வந்தவர். பாட்டு வந்தது 3 வருடம் கழித்து. மெட்டுப் போட வேண்டிய ஆர்கன் வாசிப்பாளர் லூயிஸ் ரெட்னருக்குக் கடைசி நாள் வரை ஒன்றுமே தோன்றவில்லை. நடுராத்திரி தூக்கத்தில் மெட்டு கேட்டது! எழுந்து எழுதி வைத்தார். மறுநாள் காலை பிலடெல்பியா ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் பாடிவிட்டார்கள்!

'ஓ ஹோலி நைட்' எழுதியவர் ஒரு ஒயின் வியாபாரி! பிரான்சின் ரோக்மோர் ஊர்க்காரர் பிளாசிட் கப்போ. சிறு வயதில் துப்பாக்கி விபத்தில் ஒரு கையை இழந்தவர். 1847-ல் மெட்டுப் போட்ட அடால்ஃப் ஆடம் யார்? 'ஜிசெல்' பாலே நாடகத்துக்கு இசையமைத்த அதே ஆடம்!

ஆங்கிலேயர்கள் மேய்ப்பரைப் பற்றிப் பாடும் 1700-ஆம் ஆண்டு கேரல் 'வைல் ஷெப்பர்ட்ஸ் வாட்ச்டு'. எழுதிய நேஹம் டேட் இன்னொரு காரியமும் செய்தவர். ஷேக்ஸ்பியரின் 'கிங் லியர்' சோக நாடகத்துக்குச் சுபமான முடிவு எழுதி மேடையேற்றினார்! மக்கள் அதைத்தான் சுமார் 150 வருடம் பார்த்தார்கள்!

கிறிஸ்துமஸ் கொண்டாடுவதே இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தடை! 1647-ல் பார்லிமென்ட்டே போட்ட சட்டம். கான்டர்பரி ஊரில் ஜனங்கள் கிளர்ந்தெழுந்து கலவரமே செய்தார்கள். 1660-ல் மன்னராட்சி திரும்பியது, கிறிஸ்துமஸும் திரும்பியது!

கவென்ட்ரி கேரலைக் கேட்டால் நெஞ்சு கலங்கும். ஏரோது கொல்லப்போகும் பிள்ளைகளை மார்போடு அணைத்து தாய்மார் பாடும் தாலாட்டு அது. கவென்ட்ரி நகரத்துத் தையல்காரர்களும் கம்பளி கத்தரிப்பவர்களும் தெருவில் நடித்த நாடகத்தில் வந்தது. 1940 நவம்பரில் அந்த நகரத்துப் பேராலயமே குண்டுவீச்சில் இடிந்துபோனது. ஆறே வாரம்! அந்த இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து கிறிஸ்துமஸ் அன்று வானொலியில் ஒலித்தது அதே கேரல்!

சரி, கேரலை விட்டுக் கொஞ்சம் பாமாலைப் பக்கம் வாருங்கள்.

'அமேசிங் கிரேஸ்' எழுதிய ஜான் நியூட்டன் அடிமைக் கப்பலின் கேப்டன்! 1748-ல் நடுக்கடல் புயலில் மனம் திரும்பினார். உடனே தொழிலை விட்டாரா? இல்லை! அதற்குப் பிறகுதான் கேப்டனாகி ஆப்பிரிக்க மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார். 1754-ல்தான் கடலை விட்டார். பிறகு குருவானவர். 1773 புத்தாண்டு தினத்தில் ஓல்னி ஊர் ஆராதனைக்காகப் பாட்டு. 1788-ல் அடிமை வியாபாரத்தின் கொடுமைகளை வெளிச்சம் போட்டு ஒரு நூல். 1807 மார்ச்சில் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. அந்த நாள் வரை நியூட்டன் உயிரோடு இருந்தார். அதே டிசம்பரில் இறந்தார்!

நாம் பாடும் மெட்டை நியூட்டன் கேட்டதே இல்லை! சொல்லும் மெட்டும் அமெரிக்காவில் சேர்ந்தது 1835-ல். பலரும் உருகிப் பாடும் கடைசிச் சரணமும் அவர் எழுதியது இல்லை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில் 1852-ல் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டது! 1972-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்காட்லாந்துப் படைப்பிரிவு ஒன்றின் பேக்பைப் குழு வாசித்த பதிவு பிரிட்டனில் முதலிடம். 5 வாரம்!

'இட் இஸ் வெல்' பாட்டின் பின்னால் ஒரு கப்பல். 1873 நவம்பர் 22. 'வில் டு ஆவ்ர்' கப்பல் அட்லாண்டிக்கில் மூழ்கியது. சிகாகோ வழக்கறிஞர் ஹொரேஷியோ ஸ்பாஃபர்டின் 4 மகள்களும் போனார்கள். மனைவி மட்டும் பிழைத்து, தனியாகத் தப்பினேன் என்று தந்தி அனுப்பினார். அதற்குப் பிறகும் எல்லாம் நலமே என்று பாட்டு எழுதினாரே அந்த மனிதர்! மெட்டுப் போட்டவர் ஃபிலிப் பிளிஸ். மெட்டுக்கு வைத்த பெயர் அந்தக் கப்பலின் பெயரே! பாட்டு அச்சானது 1876-ல். அதே 1876 டிசம்பர் 29-ல் ஓஹாயோவில் பாலம் இடிந்து ரயில் விழுந்தது. உள்ளே பிளிஸும் மனைவியும்!

ஸ்பாஃபர்டு குடும்பம் 1881-ல் எருசலேமுக்கே குடிபோனது. அவர்கள் தொடங்கிய 'அமெரிக்கன் காலனி' இன்று புகழ்பெற்ற ஹோட்டல்!

'வாட் எ ஃப்ரெண்ட்' பாட்டு சபையில் பாட எழுதியதே இல்லை. கனடாவில் இருந்த ஜோசப் ஸ்கிரிவன், அயர்லாந்தில் இருந்த அம்மாவின் ஆறுதலுக்காக 1855-ல் எழுதி அனுப்பியது. அவருக்கு நிச்சயம் செய்த பெண் கல்யாணத்துக்கு முந்தின நாள் தண்ணீரில் மூழ்கி இறந்தாள். இன்னொரு பெண்ணை நிச்சயித்தார். அவளையும் நோய் கொண்டுபோனது!

'அபைட் வித் மி' காந்தியடிகளுக்கு உயிர். டெல்லியில் குடியரசு தின விழா முடிவில் முப்படைகளின் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் பல்லாண்டு ஒலித்தது. 2022-ல் நிறுத்தப்பட்டது. லண்டனிலோ 1927 முதல் அது கால்பந்துப் பாட்டு! எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி தொடங்குமுன் மைதானமே எழுந்து பாடுகிறது!

இப்போது திருச்சிக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். பிஷப் ஹீபர் கல்லூரி வாசலைத் தாண்டிப் போகாதவர் உண்டா? அந்த ஹீபர்தான் 'ஹோலி, ஹோலி, ஹோலி' எழுதிய ரெஜினால்டு ஹீபர்! கல்கத்தாவின் பிஷப். 1826-ல் உயிர்த்தெழுந்த பண்டிகையைத் தஞ்சாவூரில் கொண்டாடினார். சரபோஜி மன்னரைச் சந்தித்தார். அப்படியே திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3 காலை ஆராதனை முடித்து, வெயில் தாங்காமல் குளிக்கத் தொட்டியில் இறங்கினார். எழுந்திருக்கவே இல்லை! வயது 42. இன்றும் அவர் உறங்குவது திருச்சி தூய யோவான் ஆலயத்தில்! உலகம் பாடும் அந்தப் பாட்டு அச்சேறியதும் அதே 1826-ல். நாம் பாடும் மெட்டு வந்ததோ 1861-ல்!

தமிழில் ஜெர்மன் மெட்டுகளோடு ஞானப்பாட்டு பாடுகிறோமே, அதற்கு வழி திறந்தது தரங்கம்பாடி. மிஷனரி சீகன்பால்கு அங்கே கரை இறங்கியது 1706 ஜூலை 9. பின்னால் வந்த ஃபேப்ரீஷியஸ் ஜெர்மன் பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். 1740-ல் வந்தவர் 1791-ல் இங்கேயே இறந்தார். 51 வருடம். ஒரு முறைகூட ஊர் திரும்பவில்லை!

ஜெர்மன் மெட்டு மட்டும் போதுமா? நம் ராகமும் தாளமும் வேண்டாமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் எழுதிக் குவித்தார்! 1774-ல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் வளர்ந்தவர். உடன் படித்தவர் யார்? சாட்சாத் சரபோஜி மன்னர்! 1853-ல் மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, சாஸ்திரியார் உயிரோடு இருந்தார். வயது 79!

அவருடைய 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் புரட்டியிருக்கிறீர்களா? குறத்தி வருவாள், குறி சொல்லுவாள். அது எல்லாக் குறவஞ்சியிலும் உண்டு. இதில் சூரியனைக் கோள்கள் சுற்றிவரும் கோப்பர்நிக்கஸ் வானியலும் வருகிறது! 200 வருடத்துக்கு முன்னால், தமிழில், பாட்டாக! இதற்கு மேல் என்ன வேண்டும்?

'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' சுற்றிய சுற்றைப் பாருங்கள். சுவீடனில் 1885-ல் கார்ல் போபெரி எழுதினார். ஜெர்மனுக்குப் போனது. ரஷ்ய மொழிக்குப் போனது. உக்ரைன் பக்கம் இருந்த ஆங்கில மிஷனரி ஸ்டூவர்ட் ஹைன் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினார். 1954-ல் நம் மகாராஷ்டிரத்துத் தேவ்லாலியில் நாகாலாந்து இளைஞர்கள் அதைப் பாடினார்கள்! அங்கே கேட்டு வியந்த எட்வின் ஓர் என்ற போதகர் கையோடு அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். நம் மண் வழியாகவும் அது அங்கே போனது!

எல்விஸ் பிரெஸ்லி வாங்கிய கிராமி விருதுகள் 3. ராக் அண்ட் ரோல் பாட்டுக்கு ஒன்றுகூட இல்லை. மூன்றுமே தேவ பாடல்களுக்கு! அதில் இரண்டு இந்த 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' தந்தவை!

இசைக்குறிப்போடு கிடைத்த கிறிஸ்தவப் பாட்டுகளில் மிகப் பழையது எது? எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் மண்மேட்டில் 1918-ல் கண்டெடுத்த ஒரு பாப்பிரஸ் துண்டு. 3-ஆம் நூற்றாண்டு! ஒரு பக்கம் தானியக் கணக்கு. திருப்பினால் பின்பக்கம் பரிசுத்த திரித்துவத்துக்குத் துதிப்பாட்டு! யாரோ ஒரு பக்தர் பழைய கணக்குத் தாளை வீணாக்காமல் எழுதியதால் 1,600 வருடத்துக்கும் மேல் கழித்து நம் கைக்கு வந்தது!

வட அமெரிக்க ஆதிக்குடிகளின் மொழியிலும் கேரல் உண்டு. கனடாவின் வென்டாட் மக்களுக்காக இயேசு சபைத் துறவி பிரெபூஃப் சுமார் 1642-ல் எழுதியது!

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் கேரல் ஆராதனை 1918-ல் தொடங்கியது. முதல் பாட்டின் முதல் அடியைத் தனியாகப் பாட ஒரு சிறுவன் வேண்டும். யார் பாடப்போகிறான்? அந்தப் பையனுக்கே தெரியாது! ஒலிபரப்பு தொடங்கும் நொடியில் இசை இயக்குநர் ஒருவனைக் கைகாட்டுவார். பக்கத்தில் நிற்கும் பையன்களும் தயார்! உலகமே கேட்க, அந்தப் பிஞ்சு உடனே வாய் திறக்க வேண்டும்!

விண்வெளியில் இசைக்கருவியில் வாசித்த முதல் பாட்டு எது? 'ஜிங்கிள் பெல்ஸ்'! 1965 டிசம்பர் 16. ஜெமினி 6 விண்கலத்தில் வால்டர் ஷிராவும் தாமஸ் ஸ்டாஃபர்டும். வடக்கிலிருந்து தெற்காக ஏதோ ஒரு கலம் போகிறது என்று தரைக்குப் பரபரப்பாகச் செய்தி சொன்னார்கள். கீழே இருந்தவர்கள் திகைத்து நின்ற நேரத்தில், மறைத்து எடுத்துப் போயிருந்த மவுத் ஆர்கனை ஷிரா ஊத, ஸ்டாஃபர்டு மணி குலுக்கினார்! அந்த மவுத் ஆர்கனும் மணிகளும் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மவுத் ஆர்கனின் நீளம்? ஒன்றரை அங்குலம்கூடக் கிடையாது!